ஜப்பானிய நண்பரின் வீட்டில் தங்கப் போகிறீர்களா? பரிமாற்ற மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் பாடத்தைப் பற்றியவை அல்ல. வகுப்பிலோ ஆய்வகத்திலோ பழகிய ஜப்பானிய நண்பர் விடுமுறைக்குத் தன் ஊருக்குக் கூப்பிட்டிருப்பார். அதுவரை எதற்கும் அஞ்சாமல் திரிந்தவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வராது. செருப்பு, குளியல், சாப்பாடு, கும்பிடு என்று அதே சந்தேகங்களே ஆள் மாற்றி ஆள் கேட்டு வருவதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்துவிட்டேன்.

ஹொக்கைடோவின் பண்ணை வீடும் டோக்கியோவின் அடுக்ககமும் ஒன்றல்ல. இங்கே நான் சொல்வதற்கும் உங்கள் நண்பர் சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் நண்பர் சொல்வதையே கேளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் அவரிடம் கேட்காமல் ஊரையெல்லாம் கேட்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

“எப்போது வேண்டுமானாலும் வா” என்றான். கிளம்பிவிடலாமா?

நாள் குறிக்காத அழைப்பு அங்கே பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்வது. அதில் பொய் இல்லை. ஆனால் அதை நம்பிப் பெட்டி கட்ட முடியாது. “மார்ச் விடுமுறையில் வரட்டுமா?” என்று நீங்கள் கேட்டு, அவர் வீட்டில் பேசி, இன்ன நாள், இன்ன ரயில் என்று சொன்னால்தான் அழைப்பு உறுதி. எத்தனை இரவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். முதல் தடவைக்கு இரண்டு இரவு போதும் என்பது என் கருத்து.

ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் என்னும் முன்னோர் விழா, ஜனவரி முதல் மூன்று நாட்கள் ஆகியவை குடும்பம் கூடும் காலம். ரயிலில் இடம் கிடைக்காது, வீட்டில் உறவினர் நிறைந்திருப்பார்கள். அவர்களாகவே அந்த நாட்களுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள்; வேறெப்போதும் பார்க்க முடியாத ஜப்பானைப் பார்ப்பீர்கள். நீங்களாக அந்தத் தேதியைக் கேட்காதீர்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்கிறார்கள். என்ன வாங்குவது?

உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர்பெற்ற தின்பண்டம், ஒவ்வொன்றும் தனி உறையில் சுற்றப்பட்ட பெட்டியாக. பெரிய ரயில் நிலையங்களில் இதற்கென்றே கடைகள் உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் யென்னைத் தாண்ட வேண்டாம். விலை கூடினால் அதே அளவுக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பாரம் அவர்கள் தலையில் ஏறும். நான்கு என்ற எண்ணுக்கு அங்கே சாவின் சாயல் உண்டு. நான்கு துண்டுப் பெட்டியைத் தவிருங்கள். நம் இனிப்புகள் பலருக்குத் திகட்டும். கொடுப்பதானால் ருசி பார்க்கிற அளவுக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து பழம், இலை, இறைச்சி வரவழைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்: பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் விமான நிலையமானாலும் தபாலானாலும் தடுத்துவிடுவார்கள்.

வாசலிலேயே நீட்ட வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, காகிதப் பையிலிருந்து எடுத்து, இரு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரிக்காமல் எடுத்து வைத்துவிடலாம். அது அலட்சியமல்ல.

எத்தனை மணிக்குப் போய் நிற்பது? வாசலில் ஏதோ முறை இருக்கிறதாமே?

சொன்ன நேரத்துக்கு, அல்லது ஒரு சில நிமிடம் கழித்து. வகுப்புக்கும் நேர்காணலுக்கும் ஐந்து நிமிடம் முன்னதாகப் போவது நல்ல பழக்கம். வீட்டுக்கு அது பொருந்தாது. உள்ளே யாரோ கடைசி நிமிடத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் தாமதமானால் லைன் செயலியில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

கதவைத் திறந்ததும் தாழ்வாக ஒரு சிறு இடம் வரும். கெங்கன் என்பார்கள். வீட்டுக்குள் இருந்தாலும் அது தெருவாகவே கணக்கு. காலணியைக் கழற்றிய பாதத்தை அந்தத் தரையில் வைக்காமல் நேராக மேல்தளத்தில் ஏற வேண்டும். ஏறிய பிறகு, வீட்டாருக்கு முழு முதுகைக் காட்டாமல் சற்றே பக்கவாட்டில் மண்டியிட்டு, காலணியின் முன்பக்கம் வாசலைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வைக்க வேண்டும். மறந்தால் நண்பரின் அம்மா ஓசைப்படாமல் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பத்து கண்ணில் கயிறு கோத்த பூட்ஸையும் ஓட்டை விழுந்த காலுறையையும் விடுதியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டுக்குள் எந்தச் செருப்பை எங்கே போடுவது என்றே புரியவில்லை.

மரத்தரைக்கு அவர்கள் தரும் வீட்டுச் செருப்பு. புற்பாய் பதித்த டாடாமி அறைக்குள் செருப்பே கிடையாது. வெளியே விட்டுவிட்டுக் காலுறையோடு நுழைய வேண்டும். கழிவறைக்குள் தனியாக ஒரு ஜோடி இருந்தால் அதை அங்கே மட்டும் போட்டு அங்கேயே கழற்ற வேண்டும். அந்த ஜோடியோடு கூடத்துக்கு நடந்து வந்து சிரிப்பை வாங்காத வெளிநாட்டு மாணவர் அரிது. சக்கரப் பெட்டியையும் மறவாதீர்கள்: அதுவும் தெருவில் உருண்டு வந்ததுதான். சக்கரத்தைத் துடையுங்கள், உள்ளே தூக்கிச் செல்லுங்கள்.

நண்பனின் அப்பா அம்மாவை எப்படிக் கூப்பிடுவது?

வளாகத்தில் குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். வீட்டில் எல்லாருக்கும் அதே குடும்பப் பெயர். கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள். பெற்றோரை ‘ஒதோசான்’, ‘ஒகாசான்’ என்று, அதாவது அப்பா, அம்மா என்றே கூப்பிடலாம். மாணவ விருந்தினர் அப்படிச் சொல்வது இயல்பு. நண்பரை அங்கே முதல் பெயரோடு ‘சான்’ அல்லது ‘குன்’ சேர்த்துக் கூப்பிடலாமா என்று போகும் வழியில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரோடு நீங்களே ‘சான்’ சேர்த்துச் சொல்லாதீர்கள்.

குளியல் தொட்டியில் ஒரே தண்ணீரில்தான் எல்லோரும் குளிப்பார்களாமே? அருவருப்பாக இருக்கிறது.

அழுக்குத் தேய்க்கிற இடம் தொட்டி அல்ல. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு தேய்த்து, தலை அலசி, நுரை ஒரு பொட்டும் இல்லாமல் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். அது உடம்பைச் சூடாக்கிக் களைப்பைப் போக்கும் இடம். ஏற்கெனவே குளித்தவர்கள் இறங்குவதால்தான் ஒரே தண்ணீர் முழுக் குடும்பத்துக்கும் போதுமானதாக இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அருவருப்பு தானாகவே போய்விடும்.

விருந்தினர் என்பதால் பெரும்பாலும் உங்களைத்தான் முதலில் போகச் சொல்வார்கள். போங்கள். இறங்கும்போது துண்டை உள்ளே நனைக்க வேண்டாம், நீளமான முடியை மேலே கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் தொட்டியை மூடியால் மூடிவிட்டு வாருங்கள். எக்காரணம் கொண்டும் அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்! சுத்தமாக விட்டுவைக்கும் நல்ல எண்ணத்தில் ஒரு மாணவர் அப்படிச் செய்தார். அப்பா வேலையிலிருந்து வரும் நேரம். மறுபடி தொட்டி நிறைந்து சூடாகும் வரை அவர் துண்டும் கையுமாகக் காத்திருந்தார். சில வீடுகளில் எஞ்சிய தண்ணீரை மறுநாள் குழாய் வைத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

தொட்டியில் இறங்கவே மனமில்லையென்றால் வெளியே குளித்துவிட்டு வந்துவிடலாம். அதை நண்பரிடம் முன்பே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நான் சைவம். சொன்னால் சங்கடப்படுவார்களா, சொல்லாவிட்டால் பட்டினியா?

தேதி பேசும் அன்றே சொல்லிவிடுங்கள். சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு சொல்வதுதான் சங்கடம். ‘சைவம்’ என்று ஒரே சொல்லில் சொன்னால் போதாது. இறைச்சி இல்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு மீன் சமைத்துவிடுவார்கள். எது ஆகாது, எது ஆகும் என்று பட்டியல் எழுதி நண்பரிடம் கொடுங்கள். பால், முட்டை நிலவரமும் அதில் இருக்கட்டும். ஆகும் பட்டியல் நீளமாக இருந்தால் சமைப்பவருக்குத் தைரியம் வரும்.

உண்மையான சிக்கல் தாஷி. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் சாறு என்று எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சாறு அது. பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனில் எடுப்பது. கண்ணுக்கு மீன் தெரியாது. கடல்பாசியான கொம்பு, உலர்ந்த ஷீட்டாக்கே காளான் ஆகியவற்றிலும் தாஷி எடுக்கலாம். புத்த மடங்களின் சைவச் சமையல் அப்படித்தான் நடக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். “குழம்பு செய்து தருகிறேன், உனக்குப் பிடிக்குமே” என்று நண்பரின் அம்மா அன்போடு சொன்னால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள். அந்தக் குழம்புக்குக் கடையில் விற்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டு அல்லது பன்றிக் கொழுப்பு இருக்கிறது.

மீன் சாறு வரை பரவாயில்லை, மீன் துண்டு மட்டும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கோட்டை எங்கே போடுவது என்பது உங்கள் விருப்பம். போடுகிற கோட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். நடுவில் நகர்த்தினால் சமைப்பவர் திண்டாடுவார்.

கையால் சாப்பிடலாமா? குச்சி பிடிக்க வரவே இல்லை.

சுஷியையும் ஒனிகிரி என்னும் சோற்று உருண்டையையும் கையால் எடுத்துச் சாப்பிடலாம். மற்றவற்றுக்குக் கரண்டி கேட்டால் தருவார்கள். குச்சியைச் சரியாகப் பிடிக்காததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு செயல்கள் மேசையையே உறையவைக்கும். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது ஒன்று; இறந்தவருக்குப் படைக்கும் சோறு அப்படித்தான் இருக்கும். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது இன்னொன்று. தகனத்துக்குப் பிறகு எலும்புகளை அப்படித்தான் எடுத்துக் கலசத்தில் சேர்க்கிறார்கள்.

சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் தூக்கிப் பிடித்துச் சாப்பிடுவதுதான் அங்கே நாகரிகம். மேசையில் வைத்துக் குனிவது அல்ல. நூடுல்ஸை உறிஞ்சும் சத்தமும் குற்றமில்லை.

அப்பா பீர் ஊற்றினால் என்ன செய்வது?

2022 ஏப்ரல் முதல் ஜப்பானில் வயதுவந்தோர் என்பது 18. மதுவுக்கும் புகைக்கும் பழைய வரம்பான 20 தொடர்கிறது. உங்களுக்கு 19 என்றால் அதைச் சொன்னாலே பேச்சு முடிந்தது. குடிக்காதவர்கள் தேநீர்க் கோப்பையை உயர்த்தினால் போதும். நீங்கள் ஊற்றிக் கொடுக்கலாம்: அங்கே தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வதில்லை. அப்பாவின் கோப்பை காலியாவதைக் கவனித்து ஊற்றினால் அவர் முகம் மலரும்.

உதவப் போனால் “உட்காருங்கள், உட்காருங்கள்” என்கிறார்கள். சும்மா இருப்பது குற்ற உணர்வாக இருக்கிறது.

முதல் நாள் உட்காருங்கள். அவர்கள் அடுக்களையில் எது எங்கே என்று தெரியாதவர் குறுக்கே நிற்பது உதவியாகாது. “உதவட்டுமா?” என்று பொதுவாகக் கேட்காமல், கிண்ணங்களை அடுக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டி வரை கொண்டுபோய் வைப்பது போன்ற சிறு வேலையைச் செய்துவிடுங்கள். காலையில் படுக்கையை மடித்து ஓரமாக வையுங்கள்.

குப்பையில் மட்டும் கேட்காமல் கை வைக்காதீர்கள். எரிப்பது, எரிக்காதது, பிளாஸ்டிக், புட்டி, டப்பா என்று பிரிப்பது ஊருக்கு ஊர் மாறும். குறிப்பிட்ட கிழமைக் காலையில் மட்டுமே வெளியே வைக்க முடியும். தண்ணீர்ப் புட்டிக்கு மூடி வேறு, மேலே ஒட்டிய தாள் வேறு, கழுவிய புட்டி வேறு. தவறாகக் கட்டிய பையை எடுக்காமல் விட்டுப் போவார்கள். அக்கம்பக்கத்தில் வெட்கப்பட வேண்டியது உங்கள் நண்பரின் குடும்பம்.

ஒரு மாடத்தின் முன் உட்கார்ந்து கும்பிடச் சொன்னார்கள். வேறு மதத்தவள் நான்.

அது புத்சுதான், குடும்பத்தில் இறந்தவர்களுக்கான மாடம். நீங்கள் கொண்டுபோன தின்பண்டப் பெட்டியை முதலில் அங்கே வைத்துவிட்டுப் பிறகு பிரிப்பதும் உண்டு. உங்களைத் தாத்தா பாட்டிக்கு அறிமுகம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மனம் ஒப்பினால் ஊதுபத்தி ஏற்றிக் கைகூப்புங்கள். பத்தியின் சுடரை வாயால் ஊதாமல் கையை வீசி அணையுங்கள். ஒப்பவில்லையென்றால் சற்று நேரம் தலைகுனிந்து அமைதியாக உட்கார்ந்தாலே மரியாதைதான்.

நண்பன் வளாகத்தில் கலகலப்பானவன். வீட்டில் முகம் கொடுத்தே பேசுவதில்லை. என் மேல் கோபமா?

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. கோபம் இல்லை, களைப்பு. வீட்டில் அவர் ஒரே நேரத்தில் மகன், விருந்து கொடுப்பவர், மொழிபெயர்ப்பாளர். அப்பா சொல்லும் நகைச்சுவையை உங்களுக்குச் சொல்லி, உங்கள் பதிலை அப்பாவுக்குச் சொல்லி, பாட்டி கேட்ட சங்கடமான கேள்வியை நடுவில் விழுங்கி என்று நாள் முழுவதும் மூளை ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு வீட்டில் வட்டார வழக்கில் பேசுவார்கள். வகுப்பில் நீங்கள் படித்த ஜப்பானிய மொழி அங்கே பாதிதான் செல்லும். அவரும் அந்தப் பேச்சுக்கு மாறும்போது வேறு ஆளாகத் தெரிவார்.

அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, தினமும் ஒரு மணி நேரம் அவரை விட்டு விலகியிருப்பது. “நான் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன்” என்று தனியாகப் போங்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். புரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் விருந்தினர் வேலையின் ஒரு பகுதிதான்.

யாரும் எதையும் ‘கூடாது’ என்று சொல்வதே இல்லை. பிடிக்கவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

தலையைச் சற்றுச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டால் அதுவே மறுப்பு. “யோசிக்கிறேன்” என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போனாலும் அப்படியே. காரணம் கேட்டுத் துருவாமல் விட்டுவிடுங்கள்.

இரவில் நண்பரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். “ஏதாவது தவறு செய்தேனா?” என்றால் “இல்லவே இல்லை” என்றுதான் பதில் வரும். “நாளை நான் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் எது?” என்று கேளுங்கள். “இரவு பத்துக்கு மேல் போனில் கொஞ்சம் மெதுவாகப் பேசு” என்று வரும். சுவர்கள் மெல்லியவை, அம்மா ஐந்து மணிக்கு எழுபவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும்.

“பத்தொன்பதாம் வாய்ப்பாடு சொல்லு” என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.

இந்தியர் எல்லோருக்கும் 19 பெருக்கல் 19 வரை மனப்பாடம் என்ற நம்பிக்கை அங்கே பரவலாக இருக்கிறது. தெரியாதென்று சிரித்துவிட்டுப் போங்கள். தமிழ் என்றதும் வயதானவர் சிலர் வேறொன்று கேட்பார்கள்: இரண்டு மொழிக்கும் உறவு உண்டாமே என்று. சுசுமு ஓனோ என்ற மொழி அறிஞர் 1980களிலிருந்து அப்படி வாதிட்டு வந்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உங்களைப் பெருமைப்படுத்தத்தான் கேட்கிறார்கள். ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேசலாம். முடிவு சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இல்லை.

பயணத்துக்கு ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாமா? வேறு காகிதம் ஏதாவது வேண்டுமா?

அந்த பாஸ் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கானது. மாணவர் தகுதியில் தங்கியிருக்கும் உங்களுக்குக் கிடையாது. இரவுப் பேருந்து மலிவு. வசிப்பு அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம். விடுதி அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டுக் கிளம்பாதீர்கள். வீடு மாறினால் 14 நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்று படித்துப் பயப்படுகிறார்கள். நண்பர் வீட்டில் விருந்தாளியாகச் சில நாள் தங்குவதற்கு அது பொருந்தாது.

நண்பனின் குடும்ப உணவகத்தில் கூட நின்று உதவினேன். அப்பா உறையில் பணம் தருகிறார்.

இதில் கவனம் தேவை. மாணவர் விசாவில் கூலிக்கு வேலை செய்யக் குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரமே உச்சவரம்பு, நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். அனுமதி இல்லாமல் வாங்கினால் உங்களுக்கும் வம்பு, அவருக்கும் வம்பு. “விசா விதி” என்று காரணம் சொல்லி மறுத்தால் அவர் வருந்த மாட்டார், விதியை மதிப்பவர்கள்.

அங்கே இருக்கும்போது நிலநடுக்கம் வந்தால்? உடம்புக்கு முடியாமல் போனால்?

எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறினால் குலுங்கச் சில விநாடிகளே இருக்கின்றன என்று பொருள். மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடாதீர்கள். வீட்டார் பதறாமல் செய்தியைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தால் திகைக்க வேண்டாம். கடலோர ஊர் என்றால் போன அன்றே மேட்டுக்குப் போகும் வழியைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் 119, காவல் 110. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருப்பீர்கள். அதன் சான்றைக் காட்டினால் செலவில் 30 சதவீதம் மட்டும் கட்டினால் போதும். காய்ச்சலை மறைத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். ‘கூடாது’ என்று சொல்லாத குணத்தை நீங்கள் கடன் வாங்கக் கூடாத இடம் அது.

திரும்பி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? அவர்களை என் விடுதிக்கு அழைக்கலாமா?

வந்து சேர்ந்ததும் நண்பருக்குச் செய்தி, அந்த வாரத்திலேயே பெற்றோருக்குக் கைப்பட ஓர் அட்டை. எழுத்து கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டிவைப்பார்கள். எடுத்த படங்களை அவர்களுக்கு அனுப்புங்கள். வீட்டுப் படங்களைக் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள். அடுத்த முறை சந்திக்கும்போது “அன்றைக்கு மிக்க நன்றி” என்று மறுபடி சொல்வது அங்கே வழக்கம். ஒரு முறை சொன்னாயிற்றே என்று விட்டுவிட்டால் குறையாகத் தெரியும்.

விடுதியைப் பொறுத்தவரை, இரவில் வெளியாரைத் தங்கவைக்க அனுமதிக்காத இடங்களே அதிகம், பகலிலும் கையெழுத்து வாங்குவார்கள். அழைக்கும் முன் காப்பாளரிடம் கேளுங்கள். நண்பரை மட்டும் கூப்பிட்டுச் சமைத்துப் போடுவதானால் மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள், கடுகு தாளிக்கும்போது சன்னலைத் திறந்துவையுங்கள். புகை அறிவிப்பான் அலறினால் அவரைவிட முதலில் பக்கத்து அறைக்காரர் வந்து நிற்பார்.